வளிமண்டலவியல் படிக்காதவர் காலநிலை மாதிரி ஆய்வுக்குப் போகலாமா? போனால் வன்னிக் குளங்களுக்கு என்ன பயன்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: சொந்த இடம் இலங்கையின் வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம், நீரியலில் கலாநிதிப் பட்டம் முடியும் தறுவாயில் இருக்கிறது. ஐரோப்பிய ஆய்வு நிறுவனம் ஒன்று காலநிலை மாதிரியாக்கத்தில் இரண்டு ஆண்டு போஸ்ட்டொக் பதவி (கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பதவி) ஒன்றை அறிவித்திருக்கிறது. வளிமண்டலவியல் படிக்காத நீங்கள் அதற்கு விண்ணப்பிக்கலாமா, அந்த மாதிரிகள் நம்முடைய குளங்களைப் பற்றி ஏதாவது சொல்லுமா? கேள்வியின் கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: “அப்பா கமம் செய்கிறவர். இரண்டு வருசம் போய் வந்து அவருக்கு நான் என்ன சொல்லப் போகிறேன்?” உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் நீர்ப்பாசனப் பொறியியலில் தொடங்கி, பிறகு பிராந்தியக் காலநிலை மாதிரிகளோடு வேலை செய்துவருபவன். மழை, நிலம், குளம் என்ற வட்டத்துக்குள் என் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பதவி ஆழ்கடல் சுழற்சி பற்றியோ துருவப் பனி பற்றியோ இருந்தால் அந்தத் துறைக்காரரிடமும் ஒருமுறை கேளுங்கள்.

தகுதியை முதலில் முடித்துவிடுவோம். தயங்காமல் விண்ணப்பியுங்கள். இந்தக் குழுக்களில் பௌதிகம், கணிதம், கணினி, பொறியியல் பக்கமிருந்து வந்தவர்கள் ஏராளம். 2021இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசின் ஒரு பாதியைக் காலநிலை மாதிரிக்காகப் பகிர்ந்துகொண்டவர்கள் சியுகுரோ மனாபேயும் கிளவுஸ் ஹாசல்மனும். அவர்களில் ஹாசல்மன் கடல் அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். மழை நிலத்தில் விழுந்த பிறகு என்ன ஆகிறது என்று தெரிந்தவர்களை இந்தக் குழுக்கள் தேடி எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். தேர்வுக் குழு உங்களிடம் பார்க்கப்போவது இவைதான்: லினக்ஸில் கை பழகியிருக்கிறதா, பைத்தனில் பெரிய தரவுத் தொகுதிகளைக் கையாள முடியுமா, ஃபோர்ட்ரானில் எழுதிய பழைய நிரலை வாசித்து எந்த வரியில் என்ன நடக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமை இருக்கிறதா. மாதிரிகளின் அடிக்கட்டுமானம் இன்றைக்கும் பெரும்பாலும் ஃபோர்ட்ரான்தான். வாசிக்க வந்தால் போதும், எழுதுவது போன பிறகு பழகும்.

சரி, குளத்துக்கு வருவோம். காலநிலை மாதிரி என்பது காற்று, கடல், நிலம் எல்லாவற்றையும் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பமும் ஈரமும் காற்றும் எப்படி மாறுகின்றன என்று சில நிமிட இடைவெளியில் கணக்கிட்டுக்கொண்டே போகும் ஒரு நிரல். காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. நிபுணர் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கைக்கு அடிப்படையாக இருந்த, பல நாட்டு உலக மாதிரிகளைச் சேர்த்து ஒப்பிடும் சிமிப் 6 தொகுதியில் பெரும்பாலான மாதிரிகளின் கட்டம் ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் அகலம். மன்னாரிலிருந்து முல்லைத்தீவுக்கு நேர்கோடு போட்டால் அதே தூரம்தான் வரும். அதாவது முழு வன்னியும் ஒரு கட்டம், மிஞ்சினால் இரண்டு. கட்டுக்கரைக்குளம், வவுனிக்குளம், இரணைமடு, முத்தையன்கட்டு எல்லாவற்றுக்கும் ஒரே மழை, ஒரே வெயில். சில மாதிரிகளில் யாழ்ப்பாணக் குடாநாடு நிலமாகவே பதியப்பட்டிருக்காது, அந்த இடம் கடலாக இருக்கும். மத்திய மலைநாடு சில நூறு மீற்றர் உயர மேடாகத் தட்டையாகிவிடும்.

இதை ஈடுகட்டத்தான் பிராந்திய மாதிரிகள். இத்தாலியின் திரியெஸ்தே நகரில் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய ஐ.சி.டி.பி. என்ற பௌதிக ஆய்வு நிறுவனம் வளர்த்துவரும் ரெக்சிஎம், அமெரிக்காவில் உருவான டபிள்யூஆர்எஃப் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. உலக மாதிரி ஒன்றின் விளைவை எல்லையில் ஊட்டி, உள்ளே நுணுக்கமான கட்டத்தில் ஓட விடுவார்கள். தெற்காசியாவுக்கு 25 கிலோமீற்றர் அளவில், பிராந்திய மாதிரி ஓட்டங்களை ஒருங்கிணைக்கும் சர்வதேசத் திட்டமான கோர்டெக்ஸின் கீழ் பல ஓட்டங்கள் உண்டு. அந்த அளவில் இரணைமடுவின் நீரேந்து பிரதேசம் ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கும். வன்னி அப்போதுதான் வரைபடத்தில் தலைகாட்டுகிறது.

ஆனால் கட்டத்தைச் சின்னதாக்கினால் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் வேலை செய்ய வேண்டிய இடம் இதற்குள்தான் இருக்கிறது. இடிமழை மேகம் ஒன்றின் அகலம் சில கிலோமீற்றர்தான். 25 கிலோமீற்றர் கட்டத்துக்கு அது தெரியாது. அதனால் இந்தக் கட்டத்தில் இவ்வளவு ஈரமும் சூடும் சேர்ந்தால் இவ்வளவு மழை என்று ஒரு தோராய விதியை வைத்துத்தான் மாதிரி மழையைப் பெய்விக்கிறது. அந்த விதிகளுக்குப் பொதுவான ஒரு கோளாறு உண்டு: அடிக்கடி பெய்யும், ஆனால் மெல்லப் பெய்யும். கார்த்திகை முழுக்க நாளுக்குப் பத்து மில்லிமீற்றர் என்று தூறிக்கொண்டே இருக்கும். மாத மொத்தத்தை மட்டும் பார்த்தால் மழைமானியோடு அழகாகப் பொருந்தும். வன்னியில் கார்த்திகை அப்படியா பெய்கிறது? நாலு நாள் வெயில் எறிக்கும். பிறகு வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் வந்து நிற்கும், ஒரே இரவில் நூறு மில்லிமீற்றருக்கு மேல் கொட்டிவிட்டுப் போகும்.

குளம் நிரம்புவது அப்படியான இரவுகளில்தான். முப்பது நாளும் பத்துப் பத்தாகப் பெய்த முந்நூறு மில்லிமீற்றரில், நாளுக்கு நாலைந்தை வெயிலும் காடும் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பங்கைக் கோடையில் வெடித்துக் கிடந்த மண் குடித்துவிடும். ஆறு ஓடினாலும் கால் நனையும் அளவுதான். அதே முந்நூறு, மண் ஊறிய பிறகு மூன்று நாளில் விழுந்தால் இரணைமடுவுக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு கரை தொட்டு வரும், குளம் அடிக்கணக்கில் ஏறும், மேல்குளம் வான் பாய்ந்து (மிகைநீர் வழியும் இடத்தால் வழிந்து) கீழ்க்குளத்தை நிரப்பும். ஆகவே மழையின் மொத்தத்தைச் சரியாகவும் அது நாட்களுக்குப் பிரிந்து விழும் விதத்தைப் பிழையாகவும் தரும் மாதிரியின் மழையை நேரே நீரியல் கணக்கில் போட்டால், காகிதத்தில் இரணைமடு ஒருநாளும் வான் பாயாது. புள்ளிவிவரத் திருத்தம் செய்யலாம், எல்லோரும் செய்கிறார்கள். அது ஒரு நாளின் மழை அளவைச் சரிசெய்யும். கனமழை நாட்கள் அடுத்தடுத்து வந்தனவா, இடைவிட்டு வந்தனவா என்ற ஒழுங்கை அது சரிசெய்யாது. அதோடு, இன்றைக்குள்ள பிழை ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அதே பிழையாகவே இருக்கும் என்று அது வைத்துக்கொள்கிறது. அந்த ஊகத்தை யாராவது நம் மண்ணில் சோதித்துப் பார்க்க வேண்டும். மழையையும் குளத்தையும் சேர்த்துத் தெரிந்த ஒருவரால்தான் அது முடியும், அதனால்தான் உங்களைப் போகச் சொல்கிறேன்.

இனி எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துக்கொள்வோம். வெப்பம் ஏறும் என்பதில் சந்தேகம் இல்லை. காற்று ஒரு பாகை சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும் என்பது ஆய்வுகூடப் பௌதிகம். அதனால் கனமழை இன்னும் கனக்கும் என்பதும் உறுதியான பக்கத்தில்தான் நிற்கிறது. கோடையில் குளத்திலிருந்து ஆவியாகும் நீர் கூடும் என்பதையும் பெரும்பாலும் நம்பலாம். புயல்களின் எண்ணிக்கை கூடுமா என்பதில் ஒருமித்த பதில் இல்லை. வருகிற புயல்களில் வலியவற்றின் பங்கு கூடும் என்பதற்கும் அவை கூடுதலாகப் பெய்யும் என்பதற்கும் ஆதாரம் பலமாக இருக்கிறது. 2020 டிசம்பரில் புரவி, 2025 நவம்பர் இறுதியில் திட்வா என்று நாம் பட்டதை வைத்துப் போக்கு ஒன்றை அறுதியிட முடியாது. ஆனால் அப்படியான ஒரு புயல் வரும்போது எவ்வளவு கூடுதலாகப் பெய்கிறது என்பதை மாதிரியைக் கொண்டு கேட்க முடியும்.

உண்மையில் மங்கலாக இருப்பது ஐப்பசியிலிருந்து மார்கழி வரையான மொத்த மழை. நம்முடைய மாரி நெற்செய்கையான காலபோகம் முழுவதும் அதைத்தான் நம்பியிருக்கிறது. கூடும் என்று பல மாதிரிகள் சொல்கின்றன, எவ்வளவு என்பதில் அவற்றுக்குள்ளே பெரிய வேறுபாடு. இதற்கு ஒரு காரணம் இந்து சமுத்திரத்திலேயே இருக்கிறது. சமுத்திரத்தின் மேற்குப் பக்கம் வழமையைவிடச் சூடாகி, சுமாத்திராப் பக்கம் குளிரும் ஆண்டுகள் சில உண்டு. 1999இல் இதை இருமுனை அலைவு என்று பெயரிட்டு விளக்கினார்கள். அப்படியான ஆண்டுகளில், எல் நினோ ஆண்டுகளிலும்தான், நமக்கு ஐப்பசி கார்த்திகை மழை பெரும்பாலும் கூடுதலாகப் பெய்கிறது. பல உலக மாதிரிகள் இந்த அலைவை நிஜத்தைவிடப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. அலைவே மிகையாக இருக்கும்போது அதன்மேல் கட்டிய மழைக் கணிப்பை அப்படியே விழுங்க முடியாது. நேர்காணலில் உங்களிடம் வடகிழக்குப் பருவமழை பற்றிக் கேட்டால் இந்த இடத்தைத் தொட்டுப் பேசுங்கள். இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையைப் படித்தவர்கள் எங்கும் இருக்கிறார்கள், நம் மாரியைப் படித்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

அப்பாவுக்கு வருகிறேன். விதைப்புக்கு நாள் குறிக்க, கோடை நெற்செய்கையான சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் முடிவெடுக்க, காலநிலை மாதிரி உதவாது. சிறுபோகத்தைத் தீர்மானிப்பது மாரி முடிந்தபின் குளத்தில் நிற்கும் அடி. 2018 டிசம்பர் 21 இரவு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது இரணைமடுவின் வான்கதவுகளை எப்போது திறந்தார்கள், எப்போது திறந்திருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் கதைத்தது. அந்த முடிவுக்குத் தேவையானவை மணிக்கணக்கிலான வானிலை முன்னறிவிப்பும், மேல்பக்கத்துக் காட்டில் மழைமானிகளும், ஆற்றில் வரும் நீரின் கணக்கும். இவற்றைக் காலநிலை ஆய்வு என்று சொல்லி விற்கிறவர்களை நம்பாதீர்கள். அதேநேரம், அந்தக் குளங்களின் வான் எவ்வளவு அகலம், கட்டு எவ்வளவு உயரம் என்பது பழைய மழைப் பதிவை வைத்து, இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் இவ்வளவு என்று போட்ட கணக்கு. மழையின் உச்சம் மாறிக்கொண்டிருக்கும்போது அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். இன்றைக்குப் புனரமைக்கிற கட்டு உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்க வேண்டியது. அப்பாவிடம் இப்படிச் சொல்லலாம்: “வாற மாரி எப்படியெண்டு சொல்ல எனக்குத் தெரியாது அப்பா. ஆனா இந்தக் கட்டையும் வானையும் எவ்வளவு பெரிய மழைக்குக் கட்டவேணும் எண்டு கணக்குப் போட்டுத் தருவன்.” ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கட்டுக்குக் கீழே குடியிருக்கும் பூமியில் இது சின்ன விசயமில்லை.

இதற்கு நம்மிடம் இருக்கவேண்டிய முதல் ஆயுதம் பதிவேடு. குளத்து அலுவலகம் ஒன்றின் பழைய மழைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். நாளுக்கு ஒரு கட்டம், நீல மை, பழைய பக்கங்களில் அளவு அங்குலத்தில் இருக்கும். மழை பெய்யாத நாளில் ஒரு சிறு கோடு. போர்க்காலப் பக்கங்களுக்கு வந்தால் கோடும் இல்லை, கட்டம் வெறுமையாகக் கிடக்கும். கோடு என்றால் மழை இல்லை, வெறும் கட்டம் என்றால் அளக்க ஆள் இல்லை. கணினியில் ஏற்றுகிறவர் இரண்டையும் பூச்சியம் என்று அடித்துவிட்டால், சனம் இடம்பெயர்ந்த மாதமெல்லாம் வரட்சி மாதமாகிவிடும். பிறகு மழை கூடிவருகிறது என்று ஒரு பொய்ப் போக்கு கோட்டுப்படத்தில் எழும்பும். இன்னொன்று, நம் நாட்டில் மழைநாள் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் இஆர்ஏ5 மீள்பகுப்பாய்வுத் தரவு (பழைய அவதானிப்புகளை மாதிரியோடு சேர்த்து மறுபடி கணக்கிட்ட வானிலை) சர்வதேச நேரத்தில் மணிக்கு மணி வருகிறது. நம் 8.30 அங்கே அதிகாலை 3 மணி. அதை நகர்த்தாமல் நாள் மொத்தம் எடுத்தால், அங்கே நாள் மாறும் நம் விடியற்காலை 5.30ஐத் தாண்டிப் பெய்த மழை இரண்டு நாளாகப் பிளந்துபோகும், உச்சமும் குறையும். இந்தப் பதிவுகளை வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஐரோப்பிய ஆய்வுக் குழுவுக்குள் இருப்பது அந்தக் குழுவுக்கே பெறுமதியானது. விண்ணப்பத்தில் இதைக் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

பதவியைத் தெரிவுசெய்யும்போது நிறுவனத்தின் பெயரைவிட மேற்பார்வையாளரையும் கேள்வியையும் பாருங்கள். ஹம்பேர்க்கின் மக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனம், எக்செற்றரில் ஹட்லி மையம், அமெரிக்காவின் போல்டரில் என்கார் எல்லாம் பெரிய இடங்கள்தான். அங்கே நீங்கள் அத்திலாந்திக் மேகங்களுக்கு ஒரு சிறு நிரல்துண்டு எழுதி இரண்டு வருடத்தை முடிக்கவும் கூடும். அது நல்ல அறிவியல்தான், ஆனால் உங்கள் கேள்விக்கான பயணமாக இராது. அதைவிடத் திரியெஸ்தேயோ, சிமிப் 6இல் இந்தியாவின் மாதிரியைக் கொடுத்த புனே நிறுவனமோ உங்களுக்கு நெருக்கமாக இருக்கலாம் என்பது என் தனிப்பட்ட கணிப்பு. மின்னஞ்சலில் மேற்பார்வையாளரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்: இலங்கையும் தமிழ்நாடும் அடங்கும் ஒரு பரப்பை மூன்று, நாலு கிலோமீற்றர் கட்டத்தில், இடிமழை மேகத்தை மாதிரியே உருவாக்கும்படி ஓடவிட நேரம் தருவீர்களா? ஒப்பந்தம் முடிந்தபின்னும் அந்தத் தரவை நான் பயன்படுத்தலாமா? பதில் மழுப்பலாக வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அறிவித்த பதவிக்கு மட்டும் நிற்காமல் புலமைப்பரிசில்களையும் பாருங்கள், அவற்றில் ஆய்வுக் கேள்வி உங்களுடையது. ஐரோப்பாவின் மரி கியூரி போஸ்ட்டொக், கலாநிதிப் பட்டம் பெற்று எட்டு ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கு. போகும் நாட்டில் கடந்த மூன்று ஆண்டில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்திருக்கக்கூடாது. ஜேர்மனியின் ஹம்போல்ட் நான்கு ஆண்டுக்குள், ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் ஆறு ஆண்டுக்குள். இவற்றில் கணக்கு உங்கள் வயதுக்கு இல்லை, பட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுகளுக்குத்தான். போரால் பள்ளிக்கூடம் பிந்தியவர்கள், வயது போய்விட்டது என்று ஒதுங்க வேண்டியதில்லை. பிள்ளைப்பேறு போன்ற இடைவெளிகளைக் கழித்துத் தருகிறவையும் உண்டு. விதிகள் ஆண்டுக்காண்டு மாறும், அந்தந்த ஆண்டின் அறிவித்தலையே வாசியுங்கள்.

இரண்டு ஆண்டு என்பது நடைமுறையில் இரண்டு ஆண்டு இல்லை. முதல் சில மாதங்கள் விசா, கணினிக் கணக்கு, மாதிரியை அந்த இயந்திரத்தில் ஓடவைப்பது என்று போய்விடும். கடைசி ஆறு மாதத்தில் அடுத்த வேலையைத் தேட வேண்டும். ஆகவே ஒரு நல்ல கேள்வி, ஒரு நல்ல கட்டுரை என்று திட்டமிடுங்கள். திரும்பி வந்தால் இங்கே மீத்திறன் கணினி கிடைக்காது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கின்றன, 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. நிரந்தர இடம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல எவராலும் முடியாது. ஆனால் ஓட்டங்களை அங்கே முடித்துத் தரவோடு வந்தால், பகுப்பாய்வை ஒரு சாதாரண கணினியில் கிளிநொச்சியில் இருந்தே செய்யலாம். சிமிப், கோர்டெக்ஸ், இஆர்ஏ5 எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன, முழு உலகத்தையும் இறக்காமல் நமக்கு வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுக்கலாம்.

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்பே ஒரு வேலையைச் செய்து பாருங்கள். வவுனியா வளிமண்டலவியல் நிலையத்தின் நாள் மழையையும் அதே இடத்துக்கான இஆர்ஏ5 மழையையும் எடுத்து, 8.30 கணக்கைச் சரிசெய்து, ஐப்பசி முதல் மார்கழி வரை ஐம்பது மில்லிமீற்றருக்கு மேல் பெய்த நாட்கள் இரண்டிலும் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த ஒரு படத்தையும், அதிலிருந்து குளத்துக்கு என்ன தெரிகிறது என்று அரைப் பக்கத்தையும் ஆய்வுத் திட்டத்தில் வையுங்கள். அறிவித்தலில் எந்த மாதிரி, எந்தப் பிரதேசம் என்று போட்டிருக்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. அதையும் சொன்னால், மேற்பார்வையாளருக்கு முதல் மின்னஞ்சலில் எதைக் கேட்கலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.